அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்காதீர்கள், தம்பி

ஆகஸ்டில்தான் சிகாகோ பக்கம் வந்து சேர்ந்திருக்கிறீர்கள். 10 வயது மகன் பள்ளி நூலகத்திலிருந்து அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி எழுதிய 'தி ஹாலோவீன் ட்ரீ'யை எடுத்து வந்திருக்கிறான். எலும்புக்கூடும் கல்லறையுமாக இருக்கிறதே என்று உங்கள் அம்மா கலங்குகிறார். ஆசிரியருக்கு எழுதித் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம் தம்பி. நான் இங்கே வந்து 21 வருடமாகிறது. அக்டோபரில் பிள்ளைகள் கைக்கு வரும் புத்தகங்களில் இதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை. ஆனால் அவனைத் தனியே படிக்க விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.

கதை இதுதான். ஹாலோவீன் என்பது அக்டோபர் 31, பிள்ளைகள் பேய் வேடம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கும் நாள். அந்த இரவில் எட்டுப் பையன்கள் வேடம் போட்டுக்கொண்டு புறப்படுகிறார்கள். அவர்களுடைய உயிர் நண்பன் பிப்கின் மட்டும் அன்று முகம் வெளுத்து, வயிற்றின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பிறகு இருட்டில் காணாமல் போகிறான். மவுண்ட்ஷ்ரவுட் என்ற விசித்திரமான மனிதர், அவனைத் தேடி இவர்களைக் காலத்தைக் கடந்து கூட்டிச் செல்கிறார். இறந்தவர்களுக்கு உணவு வைக்கும் எகிப்து, பழைய பிரிட்டன், பாரிஸின் நோத்ர தாம் தேவாலயம், கடைசியில் மெக்சிகோ. நீங்கள் போட்டிருக்கும் வேடம் எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்கிறார் அவர். மனிதர்கள் எல்லாக் காலத்திலும் சாவுக்குப் பயந்தார்கள், இறந்தவர்களை மறக்காமலும் இருந்தார்கள் என்பதே அவர் காட்டும் பதில். புரட்டாசி அமாவாசைக்கு இலை போட்டுப் படைக்கும் உங்கள் அம்மாவுக்கு இது அந்நியமான விஷயமே இல்லை. அவரையும் கூட உட்கார வையுங்கள்.

பிராட்பரி நம் பக்கத்து ஊர்க்காரர். 1920இல் வாகீகனில் பிறந்தார். ஏழு வயதில் குழந்தைத் தங்கையை நிமோனியாவுக்குப் பறிகொடுத்தார். ஹாலோவீன் வந்தால் அவருக்கு வேடம் தைத்துக் கொடுத்தது நீவா அத்தை. கதையில் பையன்கள் பயந்து பயந்து கடக்கும் பள்ளத்தாக்கை வாகீகனில் இன்றும் பார்க்கலாம். அங்குள்ள பூங்காவுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். முதலில் கார்ட்டூன் படத்துக்காக எழுதிய கதை இது. படம் அப்போது நடக்கவில்லை; 1972இல் நாவலாக வந்தது. 1993இல் வந்த கார்ட்டூன் கிடைக்கிறது. அதில் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டார்கள். புத்தகத்தை முடித்த பிறகு காட்டுங்கள்.

வாசித்துக் காட்டச் சொல்வதற்குக் காரணம் அதன் மொழி. வாக்கியங்கள் பாட்டுப் போல ஓடும். வந்த இரண்டு மாதத்தில் ஒரு பையன் கண்ணால் படித்தால் சிக்கிக்கொள்வான், காதால் கேட்டால் கூடவே ஓடுவான். ஒரு திருத்தத்தை மட்டும் சொல்லிக் கொடுங்கள். கதையில் வரும் 'சௌவின்' (Samhain) என்பது அயர்லாந்து, பிரிட்டன் பக்கத்துப் பழங்குடிகளான கெல்டிக் மக்களின் அறுவடை முடிவுத் திருநாள். பிராட்பரி அதை இறந்தவர்களின் தெய்வமாக எழுதியிருக்கிறார். அது கதைக்காகச் செய்தது.

பயப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. மெக்சிகோவில் பதப்பட்ட பிணங்கள் வரிசையாக நிற்கும் நிலவறை. பிராட்பரியே 1945இல் மெக்சிகோவின் குவானஹுவாட்டோ நகரில் அப்படிப்பட்ட பிணங்களைப் பார்த்து நடுங்கியவர். அங்கேதான் பிப்கினைக் காப்பாற்ற ஒரு பேரம் வருகிறது. எட்டுப் பேரும் தங்கள் ஆயுளின் கடைசியிலிருந்து ஆளுக்கு ஒரு வருடம் கொடுக்க வேண்டும். கொடுக்கிறார்கள். மெக்சிகோவில் இறந்தவர்களை நினைத்து, சர்க்கரையில் மண்டையோட்டு வடிவ மிட்டாய் செய்வார்கள். பிப்கின் பெயர் எழுதிய அப்படியொரு சர்க்கரை மண்டையோட்டை எட்டாக உடைத்துத் தின்கிறார்கள். அந்த அத்தியாயத்தைப் படுக்கப் போகும் நேரத்தில் வாசிக்காதீர்கள்.

நான் அப்படித்தான் தவறு செய்தேன். என் மகளுக்கு அப்போது 9 வயது. முந்தைய மார்ச்சில்தான் என் அப்பா மதுரையில் இறந்திருந்தார். பள்ளி நடக்கிறது என்று அவளை விட்டுவிட்டு நான் மட்டும் போய் வந்தேன். அந்தப் பக்கம் முடிந்ததும் அவள் விளக்கை அணைக்க விடவில்லை. "தாத்தாவுக்கு யாராவது ஒரு வருடம் கொடுத்திருக்கலாமா?" என்று கேட்டாள். ஏழு மாதமாக அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அன்று இரவு பன்னிரண்டு மணி வரை பேசினோம். தாத்தா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் விதத்தைக்கூட எனக்கு நடித்துக் காட்டினாள்.

அந்த வாரம் வாகீகனில் ஒரு மெக்சிகோ கடையில் சர்க்கரை மண்டையோடு வாங்கினோம். நெற்றியில் நீல ஐசிங்கால் தாத்தாவின் பெயரைத் தமிழில் எழுதினாள். கடைசி 'ன்' கொஞ்சம் வழிந்து கண்குழிக்குள் இறங்கிவிட்டது. விரல் நுனியால் துடைத்துவிட்டு மறுபடி எழுதினாள்.

நாளை சாயங்காலமே தொடங்குங்கள். தினம் ஒன்றிரண்டு அத்தியாயம் போதும். மெக்சிகோவைச் சனிக்கிழமைப் பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்று அவன் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல உங்களுக்கு நேரம் இருக்கும், அம்மாவும் பக்கத்தில் இருப்பார்.