நானும் அங்கே இருந்தேன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் சிகாகோ ஆண்டுகளைப் பற்றிய கட்டுரையில் கப்ஸ் பேஸ்பால் அணியின் ரிக்லி ஃபீல்டு மைதானத்துக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டீர்கள். அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நான் 11 ஆண்டுகளாகச் சிகாகோவின் புறநகரான நேப்பர்வில்லில் இருக்கிறேன். அலுவலக நண்பர்களோடு மூன்று முறை பேஸ்பால் பார்த்திருக்கிறேன். ஒரு முறை டிசம்பரில், சோல்ஜர் ஃபீல்டு மைதானத்தில் அமெரிக்கக் கால்பந்து. எந்த இன்னிங்ஸில் யார் அடித்தார், எத்தனை கெஜம் ஓடினார் என்று நண்பர்கள் இன்றைக்கும் அந்த ஆட்டங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கோ, முன்வரிசையில் ஒரு கிழவர் ஒன்பது இன்னிங்ஸும் தன் பேத்திக்கு நிலக்கடலை உரித்துக் கொடுத்ததுதான் நினைவிருக்கிறது. கால்பந்தில் விரல்கள் மரத்துப்போய் கோட்டின் ஜிப்பைத் திறக்க முடியாமல் தவித்தது நினைவிருக்கிறது. யார் வென்றார்கள் என்று கேட்டால் விழிப்பேன். வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தால் எல்லாமே விளங்கியிருக்கும், பணமும் மிச்சம்.

என்னைப் போன்றவனை ரசிகன் என்று சொல்லலாமா? எட்டு வயது மகள் ஏப்ரலில் ரிக்லிக்கு அழைத்துப் போகச் சொல்லி நச்சரிக்கிறாள். கூட்டிப் போவதால் அவளுக்கு என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆர். எஸ்.

அன்புள்ள ஆர். எஸ்.,

ஒரே வரியோடு நான் நழுவியதற்குக் காரணம் உண்டு. கொஞ்சம் வெட்கக்கேடான காரணம். அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் நண்பர்கள் இன்னிங்ஸ் கணக்கோடு சொல்வதையெல்லாம் அப்படியே நம்பிவிடாதீர்கள். நானும் பல ஆண்டுகள் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவன். நான் முதன்முதலாகப் பார்த்த பேஸ்பால் ஆட்டம் 1998 கோடையில், ஒரு வேலை நாள் பிற்பகலில் நடந்தது. 1914இல் திறந்த ரிக்லி மைதானத்தில் 1988 ஆகஸ்ட் வரை விளக்குகளே கிடையாது. 74 ஆண்டுகள் பகல் ஆட்டம் மட்டுமே. விளக்கு வந்த பிறகும் பகல் ஆட்டங்களை விட்டுவிடவில்லை. சிகாகோவில் பல்வலி, பாட்டி மரணம் போன்றவை வாரநாள் பிற்பகல்களில் அதிகம் நிகழ்வதற்கு இதுவே காரணம். எனக்கு அன்று பல்வலி.

அது கப்ஸ் அணியின் சாமி சோசா 66 ஹோம் ரன் (பந்தைச் சுவருக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்த ஆண்டு. என் முதல் ஆட்டத்தில் சோசா அடித்த பந்து இடப்பக்கச் சுவரைத் தாண்டிப் பறந்தது, கூட்டம் கூரை பிய்ந்துபோகும்படி கத்தியது, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பருமனான மனிதர் என்னைக் கட்டிக்கொண்டார். மனைவி, மைத்துனன், ஊரிலிருந்து வந்தவர்கள் என்று யாரையும் விடாமல் சொல்லியிருக்கிறேன். பத்தாண்டு கழித்து வீடு மாறும்போது பழைய அட்டைப்பெட்டி ஒன்றில் அந்த ஆட்டத்தின் ஸ்கோர் அட்டை கிடைத்தது. நானே பென்சிலால் எழுதியது.

ஸ்கோர் அட்டையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வாயிலிலேயே விற்பார்கள், கூடவே ஒரு குட்டைப் பென்சில். களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் எண் உண்டு. பந்து வீசும் பிட்ச்சர் 1, அதைப் பிடிக்கும் கேட்ச்சர் 2, முதல் பேஸை (ஓடுபவர் தொட வேண்டிய இடம்) காப்பவர் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, அந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6, வெளிக்களத்தில் இடமிருந்து வலமாக 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் பந்தைப் பொறுக்கி இரண்டாம் பேஸுக்குக் கொடுத்து, அவர் முதல் பேஸுக்கு எறிந்து, ஒரே வீச்சில் இரண்டு பேர் அவுட்டானால் 6-4-3 என்று எழுதினால் போதும். அடிக்க வேண்டிய பந்தைத் தவறவிட்டால் ஒரு ஸ்ட்ரைக், மூன்று சேர்ந்தால் ஸ்ட்ரைக் அவுட். மட்டையைச் சுழற்றி அப்படி அவுட்டானால் ஆங்கில எழுத்தான கே. மட்டையை அசைக்காமல் மூன்றாவது ஸ்ட்ரைக்கைப் பார்த்துக்கொண்டே நின்று அவுட்டானால் அதே எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போட வேண்டும். முதல் நாள் இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்தப் பருமனான மனிதர்தான்.

என் அட்டையில் சோசாவின் பெயருக்கு நேரே கே, கே, திருப்பிப் போட்ட கே, கடைசியில் 8. மூன்று முறை ஸ்ட்ரைக் அவுட், ஒரு முறை வெளிக்களத்தின் நடுவில் கேட்ச். (அந்த ஆண்டில் அவர் 171 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனார். 66ஐச் சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை.) சுவரைத் தாண்டிய பந்தை அடித்தவர் எதிரணிக்காரர். எதிரணியின் ஹோம் ரன் பந்து கையில் கிடைத்தால் அதை வைத்துக்கொள்ளக் கூடாது, களத்துக்குள் திருப்பி எறிய வேண்டும் என்பது ரிக்லியின் வெளிக்கள பெஞ்சுகளில் எழுதாத சட்டம். எறியும்வரை சுற்றி இருப்பவர்கள் விடமாட்டார்கள். அன்று எறிந்தவர் நன்றாக எறிந்திருக்க வேண்டும். என் நினைவில் இருந்த ஆரவாரம் பந்து வெளியே போனதற்கானது அல்ல, அது உள்ளே திரும்பி வந்ததற்கானது.

கட்டிக்கொண்டது மட்டும் உண்மை. அட்டையின் ஓரத்தில் கடுகுக் கறை இருக்கிறது. சிகாகோவில் ஹாட் டாக்கில் கெச்சப் போட்டால் முறைப்பார்கள், ஆகவே கடுகுதான்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் கிழவரும் கடலையும் அப்படியே கையில் இருக்கின்றன. நீங்கள் எதையும் திருத்தவில்லை. உங்கள் நண்பர்களின் நினைவில் செய்தித்தாளும் யூடியூபும் கலந்திருக்கும்.

டிவி பற்றி. கால்பந்தில் உங்களோடு முக்கால்வாசி ஒத்துப்போகிறேன். கடிகாரத்தில் 60 நிமிடம், ஆனால் ஆட்டம் முடிய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். பந்து உண்மையில் அசைவது அதில் 11 நிமிடம்போல. மிச்ச நேரமெல்லாம் கூடிப் பேசுவதும் வரிசையில் நிற்பதும்தான். வீட்டில் இருப்பவருக்கு விளம்பரம் ஓடும். மைதானத்தில் இருப்பவர் அந்த நேரத்தில், இடுப்பில் கைவைத்து நிற்கும் 22 பேரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்று மட்டும் டிவியில் கிடைக்காது. டிவி பக்கவாட்டிலிருந்து பந்தைச் சுற்றியே காட்டும். புள்ளி எடுக்கும் டச் டவுன் எல்லைக்குப் பின்னால் உயரத்தில் மலிவு இருக்கை கிடைத்தால், முன்வரிசை மோதும்போது இரண்டு தடியர்களுக்கு நடுவே ஒரு கதவு திறந்து மூடுவது தெரியும். ஓட்டக்காரர் அதைப் பார்ப்பதற்கு அரை விநாடி முன்னால் நீங்கள் பார்த்துவிடுவீர்கள்.

பேஸ்பாலில் டிவிக்கு நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். டிவி காட்டுவது பிட்ச்சரின் முதுகையும் மட்டைக்காரரின் முகத்தையும். அதே நேரத்தில் ஷார்ட்ஸ்டாப் இரண்டடி தள்ளி நிற்பது, மூன்றாம் பேஸ் அருகே பயிற்சியாளர் காற்றாலை மாதிரி கையைச் சுழற்றி ஓடு ஓடு என்பது, எல்லாம் சட்டகத்துக்கு வெளியே. ரிக்லியின் வெளிச்சுவரில் 1937இல் நட்ட ஐவிக் கொடி படர்ந்திருக்கிறது. பந்து கொடிக்குள் புகுந்து சிக்கிக்கொண்டால் வெளிக்களக்காரர் இரண்டு கைகளையும் உயர்த்திவிட வேண்டும், இரண்டு பேஸோடு ஆட்டம் நிற்கும். உயர்த்தாமல் தேடத் தொடங்கினால் ஆட்டம் தொடரும், தேடித் தேடியே தோற்கலாம். அந்த ஒரு கணத் தயக்கத்தை அங்கே இருந்துதான் பார்க்க வேண்டும். 2023இல் பிட்ச்சருக்குக் கடிகாரம் வைத்தார்கள். பேஸில் ஆள் இல்லாவிட்டால் 15 விநாடிக்குள் வீச வேண்டும். சராசரி ஆட்டம் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேலிருந்து இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கு இறங்கிவிட்டது. நல்லதுதான் என்கிறார்கள். எனக்குக் கடலைப் பை தீர்வதற்குள் ஆட்டம் தீர்ந்துவிடுகிறது.

உங்கள் விரல் மரத்த கதைக்கு வருகிறேன். சிகாகோவிலிருந்து ஏறத்தாழ 200 மைல் வடக்கே கிரீன் பே. ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழும் ஊர், 80,000 பேருக்கு மேல் உட்காரும் மைதானம். அந்த ஊர்க் கால்பந்து அணியான பேக்கர்ஸுக்கு முதலாளி கிடையாது. லாபப் பங்கு தராத, விற்கவும் முடியாத பங்குகளை வாங்கிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள்தான் உடைமையாளர்கள். சீசன் டிக்கெட்டுக்குப் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதால் பாட்டனின் இருக்கை பேரனுக்கு வரும். அப்படிப்பட்ட பேரன் ஒருவர் ஒரு டிசம்பரில் என்னை அழைத்துப் போனார்.

அவர்களின் மைதானமான லாம்போ ஃபீல்டில் பெரும்பகுதி முதுகில்லாத அலுமினிய பெஞ்சு. கனத்த கோட்டு போட்ட மனிதர்கள் எண்ணிட்ட இடத்தில் அடங்கமாட்டார்கள். ஆகவே தோளோடு தோள் இறுகி, ஒருவர் எழுந்தால் வரிசையே எழ வேண்டும். நண்பர் காரிலிருந்து பழைய அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்து என் காலடியில் போட்டார். கான்கிரீட்டின் குளிர் பூட்ஸ் வழியே ஏறாமல் இருக்க அதுதான் வழி. அன்று நடந்த எந்த டச் டவுனும் எனக்கு நினைவில்லை. அந்த அட்டையில் அச்சிட்டிருந்த வாழைப்பழப் படம் நினைவிருக்கிறது. உள்ளூர் வீட்டுக்காரர்கள் புல்தரையில் காரை நிறுத்தக் காசு வாங்கியதும், ஒரு பாட்டி எங்கள் காருக்குக் கைகாட்டி வழிநடத்திய விதமும்.

நண்பரின் பாட்டனார் அங்கே 1967 டிசம்பர் 31 ஆட்டத்தைப் பார்த்தவராம். டல்லஸுக்கு எதிரான லீக் இறுதிப் போட்டி. வெப்பநிலை செல்சியஸில் மைனஸ் 25. புல்லுக்கு அடியில் பதித்திருந்த சூடேற்றும் கம்பிகள் செயலிழந்தன. நடுவரின் விசில் உதட்டில் ஒட்டிக்கொண்டதால் மீதி ஆட்டத்தை வாயாலேயே கத்தி நடத்தினார்கள். 16 விநாடி மீதமிருக்கையில் பேக்கர்ஸின் பார்ட் ஸ்டார் பந்தை யாருக்கும் கொடுக்காமல் தானே எல்லைக்குள் பாய்ந்து 21-17 என்று முடித்தார். அன்று வந்தவர்கள் 50,861 பேர் என்பது கணக்கு. “இந்த மாநிலத்தில் எனக்குத் தெரிந்தவர்களிடம் கேட்டாலே அந்தக் கணக்கு தாண்டிவிடும்” என்றார் நண்பர், தன் பாட்டனாரையும் சேர்த்துத்தான்.

மைதான நினைவுகள் எல்லாம் கடலையும் வாழைப்பழமும் அல்ல. 2003 அக்டோபர் 14 இரவு டிக்கெட் கிடைக்காத ஆயிரக்கணக்கானவர்களோடு ரிக்லிக்கு வெளியே தெருவில் நின்றிருந்தேன். உள்ளே ஆடியது கப்ஸ், 1908க்குப் பிறகு பட்டம் வெல்லாத அணி, 1945க்குப் பிறகு இறுதித் தொடருக்கே போகாத அணி. எட்டாவது இன்னிங்ஸில் 3-0 முன்னிலை, இறுதித் தொடருக்குப் போக இன்னும் ஐந்து அவுட் போதும். இடப்பக்க ஓரத்தில் எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒரு பந்து வந்தது. பார்வையாளர் பகுதியிலிருந்து பல கைகள் நீண்டன, ஒருவரின் கை பட்டது, எங்கள் வெளிக்களக்காரர் மொய்சஸ் அலூவால் பிடிக்க முடியாமல் போனது. அதன்பிறகு எங்கள் ஷார்ட்ஸ்டாப் ஒரு எளிய பந்தைத் தவறவிட்டார். எதிரணியான ஃபுளோரிடா எட்டு ஓட்டம் எடுத்தது. மறுநாளும் தோற்றோம். கூட்டம் ஷார்ட்ஸ்டாப்பை விட்டுவிட்டு இருக்கையில் உட்கார்ந்திருந்த மனிதரைப் பிடித்துக்கொண்டது. காவலர்கள் அவரை வெளியே கொண்டுபோகும்போது மேலே பீரை வீசினார்கள். அந்தப் பந்தை ஓர் உணவகம் ஒரு லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி, அடுத்த பிப்ரவரியில் வெடிவைத்துச் சிதறடித்தது. 2016இல் அணி பட்டம் வென்ற பிறகு, 2017இல் அவருக்கு ஒரு வெற்றி மோதிரம் கொடுத்தார்கள். அவர் பெயரை நான் எழுதவில்லை. பொதுவில் வராமல் இருக்கவே அவர் விரும்பினார். அன்று தெருவில் நின்று அவரைத் திட்டியவர்களில் நானும் ஒருவன். வேண்டுமென்றே செய்ததுபோல் திட்டினேன். யாருடைய கை, எப்படி நீண்டது, ஒன்றும் தெரியாது. பக்கத்தில் ஒருவர் காதில் வைத்திருந்த ரேடியோ சொன்னதுதான் தெரியும்.

இப்போது அந்தக் காரணம். 1998 மே 6 காலை, சக ஊழியர் ஒருவர் மிச்சமிருந்த ஒரு டிக்கெட்டை என் மேசையில் வைத்தார். வானம் மூடியிருந்தது. நான் ஊருக்குப் புதிது, பேஸ்பால் புரியாது, வேண்டாம் என்றேன். அன்று கெர்ரி வுட் என்ற 20 வயது பிட்ச்சர் பையன், கப்ஸுக்காகத் தன் ஐந்தாவது ஆட்டத்தில், ஹூஸ்டன் அணிக்கு எதிராக 20 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தான். ஹூஸ்டனுக்கு ஒரே ஒரு ஹிட். கப்ஸ் 2-0 என்று வென்றது. வெளிக்கள பெஞ்சில் சிலர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கே அட்டையை மாட்டிக்கொண்டே வந்தார்கள். வந்திருந்தவர்கள் 15,758 பேர். அந்த எரிச்சலில்தான் அந்தக் கோடையில் எனக்குப் பல்வலி வந்தது.

ஏழெட்டு ஆண்டுகள் கழித்து ஒரு விருந்தில் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. “நானும் அங்கே இருந்தேன்” என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. எதிரில் இருந்தவர் எங்கே உட்கார்ந்திருந்தாய் என்று கேட்டார். கே அட்டைகளுக்குப் பக்கத்தில் என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, தானும் அன்று அங்கே இருந்ததாகச் சொன்னார். அவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று நான் கேட்கவில்லை.

மகளை அழைத்துப் போங்கள். ஏப்ரலில் ஐவி காய்ந்த குச்சியாகத்தான் இருக்கும், அவள் ஏமாறாமல் முன்பே சொல்லிவைக்கவும். மூன்றாம் பேஸ் பக்கத்தில் நிழல் சீக்கிரம் வரும். ஜூலையில் அது வரம், ஏப்ரலில் ஏரிக்காற்றோடு சேர்ந்தால் தண்டனை. எனவே வெயில் விழும் பக்கம் எடுங்கள். கீழ்த்தளப் பின்வரிசைகளில் தூண் மறைக்கும், டிக்கெட்டில் பார்த்து வாங்குங்கள். பென்சிலை அவள் கையில் கொடுங்கள், எண்களை நீங்கள் சொல்லுங்கள். கடலையை உரித்துத்தான் கொடுக்க வேண்டும், கையுறையோடு அவளால் முடியாது.

அன்புடன்.