நாடா ஏன் பிய்கிறது, படுக்கை ஏன் கோணுகிறது: வீட்டில் பையும் சுருட்டுப் படுக்கையும் தைப்பவர்களுக்கு

கேள்வி: "தினமும் வேலைக்கு எடுத்துப்போக ஒரு தோள்பையும், வெளியே தங்கும்போது விரித்துப் படுக்க ஒரு சுருட்டுப் படுக்கையும் வீட்டு மெஷினிலேயே தைத்தேன். நல்ல கனமான கேன்வாஸ். பையில் ஏழெட்டு கிலோ இருக்கும். நாலு மாதத்தில் தோள் நாடா துணியையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. படுக்கை சுருட்டும்போது கோணிக்கொண்டு போகிறது, கால்மாட்டுத் தையல் விட்டுவிட்டது. ஈரம் ஏறக் கூடாது என்று மேலும் கீழும் ரெக்சின் போட்டேன், அப்படியும் உள்ளே ஒரே முடைவாசம். இதைவிடக் கனமான துணி வாங்கினால் சரியாகிவிடுமா?"

வேண்டாம். துணியை மாற்றினால் செலவு கூடும், பை அதே இடத்தில் பிய்யும். "துணியையும் சேர்த்து" என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது. நாடா அறவில்லை, நூலும் அறவில்லை. தையல் போன கோட்டுக்குப் பக்கத்திலேயே துணி கிழிந்திருக்கிறது. ஏழெட்டு கிலோவும் இரண்டு விரல் அகலத்தில் வந்து தொங்கினால் எந்தத் துணியும் அப்படித்தான் கிழியும். பழுது பார்க்க என்னிடம் வரும் பைகளில் நடுத்துணி தேய்ந்து வருவது அபூர்வம். நாடா சேரும் இடம், அடி மூலை, ஜிப், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். அதனால் கத்தரியை எடுக்கும் முன் நான் முதலில் யோசிப்பது, உள்ளே வைக்கிற கனம் எந்த வழியாகத் தோளுக்கு ஏறப்போகிறது என்பதைத்தான்.

ஒட்டிய ஸ்டிக்கர் ஒன்றை நினைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் தள்ளினால் நகராது. ஓரத்தை நகத்தால் நெம்பித் தூக்கினால் சுலபமாக உரிந்து வரும். தையலும் அப்படித்தான். நாடா துணியின் மேலேயே நீளவாக்கில் இழுத்தால் எல்லாத் தையலும் சேர்ந்து தாங்குகின்றன. நாடா துணியைவிட்டு வெளியே பார்த்து இழுத்தால் முதல் தையல் மட்டும் தாங்குகிறது, அது போனதும் அடுத்தது, பிறகு அதற்கடுத்தது. பையின் முகப்புத் துணியில் நாடாவின் நுனியை மட்டும் வைத்துத் தைப்பவர்களுக்கு நேர்வது இந்த உரிதல்தான். உங்கள் பையும் அநேகமாக இப்படித்தான் தைக்கப்பட்டிருக்கும்.

இதற்கு எனக்குப் பிடித்த வழி, நாடாவை வாய்ப்பகுதியில் நிறுத்தாமல் பக்கவாட்டில் கீழே இறக்கி, அடியைச் சுற்றி, மறுபக்கம் மேலே ஏற்றிவிடுவது. உறியில் பானை உட்கார்ந்திருப்பதுபோல, பை நாடாவில் உட்கார்ந்திருக்கும். துணிக்குப் பொருளைச் சிந்தாமல் வைத்திருக்கும் வேலை மட்டும்தான். நாடாவின் இரண்டு ஓரங்களிலும் நீளமாக ஒவ்வொரு வரி தைத்தால் போதும். 38 மி.மீ. அகல நாடா தோளை அறுக்காது, 25 மி.மீ. கைப்பிடிக்குச் சரி. இப்படிச் சுற்ற நாடா போதவில்லையென்றால், நாடாவின் நுனியை இரண்டு துணிகள் சேரும் தையலுக்குள் நுழைத்து, உள்ளே இன்னொரு துண்டு கேன்வாஸ் வைத்து, சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தையுங்கள். அந்த உள்துண்டை நாடாவின் அளவுக்கே வெட்டிவிடாதீர்கள். நாலு பக்கமும் மூன்று, நான்கு செ.மீ. கூடுதலாக இருக்கட்டும், முடிந்தால் அதன் ஓர் ஓரம் பக்கத் தையலுக்குள்ளேயே போகட்டும். கெட்டியான இடம் முடிந்து மெல்லிய இடம் சட்டென்று தொடங்கும் கோட்டில்தான் அடுத்த கிழிசல் வரும்.

தையல் நெருக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உறுதியாக இருக்கட்டும் என்று பொடித் தையலாக நெருக்கி அடிப்பது பலருக்கும் வழக்கம். தபால்தலைத் தாளில் வரிசையாக ஓட்டை போட்டிருப்பது எதற்கு? கிழிப்பதற்குத்தான். கேன்வாஸில் ஒரு தையல் 3 முதல் 4 மி.மீ. நீளம் இருக்கட்டும், அதாவது அங்குலத்துக்கு ஆறு முதல் எட்டு. சுமை ஏறும் இடத்தில் அதே கோட்டில் திரும்பத் திரும்ப அடிப்பதைவிட, 6 மி.மீ. தள்ளி இன்னொரு வரி அடிப்பது எவ்வளவோ மேல்.

நூல் பாலியஸ்டராகவே இருக்கட்டும். பருத்தி நூல் ஈரத்தில் நாளடைவில் மக்கிவிடும். நைலான் நூல் உறுதியானதுதான், ஆனால் வெயிலைப் பாலியஸ்டர் அளவுக்குத் தாங்காது. நூலின் பருமனை டெக்ஸ் என்ற எண்ணால் சொல்வார்கள்; ஆயிரம் மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பதுதான் அந்த எண். 40 டெக்ஸ் நூலுக்கு வீட்டு மெஷின் முரண்டு பிடிக்காது. 70 டெக்ஸ் பைக்கு ரொம்பப் பொருத்தம், ஆனால் எல்லா வீட்டு மெஷினும் அதற்கு ஒத்துழைக்காது. ஒரு துண்டுத் துணியில் அடித்துப் பார்த்துவிடுங்கள். ஊசி 100 அல்லது 110 எண். 110 என்றால் ஊசித் தண்டின் பருமன் 1.10 மி.மீ. தையல் விட்டுவிட்டு விழுந்தால் மெஷினைக் குறை சொல்லும் முன் ஊசியை மாற்றிப் பாருங்கள், பாதி நேரம் அதுவே காரணம்.

துணிக்கு வருவோம். சதுர மீட்டருக்கு 300 முதல் 350 கிராம் வரையுள்ள கேன்வாஸ் தினசரிப் பைக்குத் தாராளம். அதற்கு மேல் போனால் மடிப்பு வரும் இடங்களில் ஆறு, எட்டு அடுக்கு சேர்ந்து ஊசி உடையும். கனமான மடிப்பைத் தைக்கும் முன் கட்டைச் சுத்தியலால் நாலு தட்டு தட்டுங்கள். இழைகள் அமுங்கி, மெஷின் சுலபமாக ஏறும். இந்த ஒரு பழக்கம் எத்தனையோ ஊசிகளைக் காப்பாற்றியிருக்கிறது. வெட்டுவதற்கு முன்பே பருத்தி கேன்வாஸை நனைத்துக் காயவைத்துவிட வேண்டும். தறியிலிருந்து நேராக வந்த துணி முதல் துவைப்பில் 5 முதல் 10 சதவீதம்கூடச் சுருங்கலாம். சுருங்காத நாடாவைச் சுருங்கும் துணியில் தைத்துவிட்டால் பை நிரந்தரமாகச் சுளித்துக்கொள்ளும். பாவு இழை, அதாவது துணியின் நீளவாக்கில் ஓடும் இழை, மேலிருந்து கீழாக, சுமை இழுக்கும் திசையில் இருக்கட்டும். அந்தத் திசையில் துணி குறைவாகவே நெகிழும்.

அடி மூலை தேய்வது பெரும்பாலும் கூரான மூலையால். மூலையை வளைவாக வெட்டி, அடிக்கு மட்டும் இரட்டைத் துணி போடுங்கள். முன்பக்கம், அடி, பின்பக்கம் மூன்றையும் ஒரே துண்டாக வெட்டினால் அடியில் தையலே வராது. உள்ளே தெரியும் வெட்டு ஓரங்களை நாடாத் துணியால் மூடித் தைத்துவிடுங்கள், இல்லையென்றால் இழை உதிர்ந்து உதிர்ந்து ஒருநாள் தையல்வரையே வந்துவிடும்.

ஜிப்பில் 5, 8, 10 என்று எண் இருக்கும். மூடிய பல்வரிசையின் அகலம் ஏறக்குறைய அத்தனை மி.மீ. வாய்க்கு 8 அல்லது 10, உள்பைக்கு 5. மூடிய பிறகும் பின்னால் பிளந்துகொண்டே வந்தால் பெரும்பாலும் பல் கெடவில்லை, ஜிப்பைத் திறக்க, மூட இழுக்கிற ரன்னர் தளர்ந்திருக்கிறது. குறடால் அதன் இரு பக்கமும் மெல்ல அழுத்தினால் கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் ரன்னரை மட்டும் மாற்றலாம்.

சரி, படுக்கை. இதில்தான் பலரும் காரணம் தெரியாமல் திணறுகிறார்கள். அடித்துணி, நடுவில் ஃபோம், மேல்துணி என்று வைத்து நாலு பக்கமும் மூடித் தைத்திருப்பீர்கள். விரித்தால் மூன்றும் ஒரே நீளம். சுருட்டினால் அப்படி இல்லை. வெளிச்சுற்றில் போகும் துணி உள்சுற்றுத் துணியைவிட நீண்ட பாதை போக வேண்டும். இரண்டுக்கும் நடுவே 1 செ.மீ. இடைவெளி இருந்தாலே ஒரு முழுச் சுற்றுக்கு 6 செ.மீ.க்கும் கொஞ்சம் அதிகமாக வித்தியாசம் வரும். ஐந்து சுற்றுக்கு 30 செ.மீ. ஃபோம் அமுங்கிக்கொடுப்பதால் அவ்வளவு முழுதாக வராது, ஆனாலும் கணிசமாக இருக்கும். இரு முனையும் தைத்துக் கட்டிப்போட்ட துணி அந்த நீளத்துக்கு எங்கே போகும்? மேல்துணி சுருக்கம் விழுந்து குவிகிறது, அடித்துணி விண்ணென்று இழுபடுகிறது, எந்தப் பக்கம் கொஞ்சம் அதிகம் இழுத்ததோ அந்தப் பக்கம் சுருள் கோணுகிறது. கடைசியில் கால்மாட்டுத் தையல் விடுகிறது.

ஆகவே தலைமாட்டை மட்டும் தையுங்கள். கால்மாட்டைத் திறந்தே விடுங்கள். அடித்துணி அங்கே 30, 40 செ.மீ. கூடுதலாக நீண்டிருக்கட்டும், விரிக்கும்போது அதைக் காலடியில் மடித்துக்கொள்ளலாம், சுருட்டியபின் அதுவே சுருளைப் போர்த்தும் உறையாகிவிடும். ரயில் பயணத்துக்குப் படுக்கையைச் சுருட்டிக் கட்டும் பழைய ஹோல்டால் பையைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு உடனே புரியும். சுருட்டுவதும் தைத்த தலைமாட்டிலிருந்து தொடங்கட்டும். நகர வேண்டிய துணி நகர்ந்து கால்மாடு வழியாக வெளியே வரும்.

அளவு: உங்கள் உயரத்தோடு 20 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். அகலம் 65 முதல் 75 செ.மீ. சுருள் எவ்வளவு பெரிதாகும் என்று தைப்பதற்கு முன்பே கணக்குப் போடலாம். நீளத்தை மொத்தத் தடிமனால் பெருக்கி, அதை 1.27-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் விட்டம் கிடைக்கும். 190 செ.மீ. நீளமும் அமுக்கினால் 2.5 செ.மீ. தடிமனும் இருந்தால் சுருள் சுமார் 25 செ.மீ. தடிமனை 5 ஆக்கினால் சுமார் 35. 25 செ.மீ. சுருளைச் சுற்றிக் கட்ட 80 செ.மீ., இழுத்துப் பிடிக்க இன்னும் 30 செ.மீ., ஆக 110 செ.மீ. நாடா; பக்கிள் வைத்து இப்படி இரண்டு வேண்டும். அவற்றையும் நுனியை மட்டும் தைத்து விடாமல், அடித்துணியின் மேல் ஒரு சாண் நீளத்துக்குப் படியவைத்துத் தையுங்கள்.

முடைவாசத்துக்குக் காரணம் மேலே போட்ட ரெக்சின். தூங்கும்போது உடம்பிலிருந்து ராத்திரி முழுக்க ஈர ஆவி வந்துகொண்டே இருக்கும். தையல் ஓட்டை வழியாக உள்ளே போகும் ஈரம், மேலே வெளியேற வழி இல்லாவிட்டால் உள்ளேயே தங்கும். கீழே இறங்குவதும் உண்டு. குளிர்ந்த தரையைத் தொட்டிருக்கும் ரெக்சினில் பட்டு, குளிர்ந்த நீர் ஊற்றிய சொம்பின் வெளியே முத்து கட்டுவதுபோல அங்கே நீராக நிற்கும். காலையில் அப்படியே சுருட்டிக் கட்டினால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? நீர்புகாத துணி அடியில் மட்டும் இருக்கட்டும். உள்பூச்சு உள்ள 600 டெனியர் (இதுவும் இழையின் பருமனைச் சொல்லும் எண்தான்) பாலியஸ்டர் நன்றாக உழைக்கும். மேலே பருத்தி உறை, கழற்றித் துவைக்கிற மாதிரி. நடுவில் நீரை உறிஞ்சாத 'குளோஸ்டு செல்' ஃபோம், அதாவது உள்ளிருக்கும் குமிழ்கள் தனித்தனியாக மூடியிருக்கும் வகை, 10 அல்லது 12 மி.மீ.; சாதாரண பஞ்சுபோன்ற ஃபோம் மெத்தென்று இருக்கும், ஆனால் நனைந்தால் காயாது. பக்கவாட்டில் படுப்பவர் மேலே ஒரு பஞ்சு விரிப்பு சேர்த்துக்கொள்ளலாம். எழுந்தவுடன் சுருட்டாதீர்கள். படுக்கையைத் தலைகீழாகப் புரட்டி அரை மணி நேரமாவது காற்றாட விடுங்கள். பல நாள் வைப்பதாக இருந்தால் விரித்தோ தளரச் சுருட்டியோ வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பூச்சுத் துணியில் குண்டூசி போட்ட ஓட்டை மூடாது. தைக்கும்வரை துணியைக் கிளிப்பால் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்போதைக்குப் புதிதாக எதையும் வெட்ட வேண்டாம். பிய்ந்த பையின் கிழிசலை உள்ளிருந்து ஒட்டுப்போட்டு மூடிவிட்டு, நாடாவைப் பிரித்து அடியைச் சுற்றி வருமாறு தையுங்கள். முடித்ததும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் பதினைந்தை நிரப்பி உள்ளே அடுக்குங்கள். லிட்டருக்கு ஒரு கிலோ, ஆக நீங்கள் தூக்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ராத்திரி முழுக்க உறுதியான கொக்கியில் தொங்கட்டும். காலையில் நாடா ஓரத்துத் தையல் ஓட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வட்டமாகவே இருந்தால் எடுத்துப்போகலாம். நீள்வட்டமாக இழுபட்டிருந்தால் அந்த இடத்தில் உள்துண்டு வைத்து, சற்றுத் தள்ளி இன்னொரு வரி அடியுங்கள்.