ஐந்து பேர் சஃபாரி: ஆகஸ்ட் கென்யாவா, மே மாத தென்னாப்பிரிக்காவா?

கேள்வி: எனக்கு 42 வயது. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை. கைக்கு வரும் சம்பளம் மாதம் 1,10,000 ரூபாய். வீட்டுக் கடன் இ.எம்.ஐ 28,000, வீட்டுச் செலவு 50,000 போக 30,000 வரை மிச்சம் பிடிக்க முடியும். தீபாவளி போனஸ் ஒரு லட்சம் வரும். எஃப்.டி-யில் 6.5 லட்சம் இருக்கிறது. அடுத்த வருடம் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் ஆப்பிரிக்க சஃபாரி போக ஆசை. அப்போது அம்மாவுக்கு 67 வயது, பிள்ளைகளுக்கு 15, 8. இன்னும் 15 மாதம் இருக்கிறது. ஏஜென்ட் ஒருவர் கென்யாவுக்கு 6 இரவு பேக்கேஜ், விமான டிக்கெட்டோடு, ஆகஸ்ட்டில் தலைக்கு 2,35,000, மே மாதம் 1,85,000 என்கிறார். குறையும் பணத்துக்கு 14% வட்டியில் 5 லட்சம் பர்சனல் லோன், 36 மாதத் தவணை என்று அவரே ஏற்பாடு செய்து தருகிறாராம். புதிதாகக் கல்யாணமான என் மைத்துனரும் அவர் மனைவியும் எங்களோடு வருகிறோம் என்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: மே மாத விலை ஏன் 50,000 ரூபாய் குறைகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். கென்யாவிலும் தான்சானியாவிலும் மார்ச் பாதியிலிருந்து மே முடியும் வரை பெருமழைக் காலம். கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தின் கரிசல் மண்ணில் ஒரு நல்ல மழை பெய்தால் ஜீப்பே சிக்கிக்கொள்ளும். புல் ஆளுயரத்துக்கு நிற்பதால் சிங்கம் பத்தடி தள்ளிப் படுத்திருந்தாலும் கண்ணில் படாது. கூட்டம் இருக்காது, பறவைகள் ஏராளம். இரண்டாம் முறை போகிறவர்களுக்கு அது நல்ல மாதம்தான். வாழ்நாளில் ஒருமுறை என்று அம்மாவையும் எட்டு வயதுப் பிள்ளையையும் கூட்டிப்போகும் குடும்பத்துக்கு அல்ல.

ஆகஸ்ட்டில் வில்டபீஸ்ட் (மாடு போன்ற பெரிய மான்) மந்தைகள் மாரா ஆற்றைக் கடக்கும். உலகமே அப்போது அங்கே போகிறது, விலையும் அதற்கேற்ப ஏறுகிறது. மசாய் மாரா நுழைவுக் கட்டணம் வெளிநாட்டுப் பெரியவருக்கு நாளொன்றுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். 9 முதல் 17 வயதுவரை 50 டாலர், அதற்குக் கீழே இலவசம். டாலரை 90 ரூபாய் என்று வைத்து உங்கள் ஐவருக்கும் மூன்று நாள் போட்டுப் பாருங்கள். ஆகஸ்ட்டில் 1,950 டாலர், ரூபாயில் 1,75,500. மே மாதம் 1,050 டாலர், அதாவது 94,500. காட்டு வாசலில் மட்டும் 81,000 ரூபாய் வித்தியாசம். இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. காப்பகத்துக்குள் தங்குகிறவர்கள் கடைசி நாள் காலை 10 மணிக்குள் வெளியேறாவிட்டால் இன்னொரு நாள் கட்டணம் விழும். ‘மூன்று இரவு’ என்ற பேக்கேஜில் எத்தனை நாள் கட்டணம் சேர்ந்திருக்கிறது என்று கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். அதோடு, ஆகஸ்ட்டில் பள்ளி நடக்கிறது.

ஏஜென்ட் சொன்ன தொகையை ஐந்தால் பெருக்கினால் 11.75 லட்சம். அது 5% ஜி.எஸ்.டி சேர்ந்ததா, சேராததா? சேராததென்றால் இன்னும் 58,750 ரூபாய், அது திரும்பி வராத பணம். டி.சி.எஸ், அதாவது விற்பவர் முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வருமான வரி, வேறு விஷயம். வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு முன்பு 10 லட்சம் வரை 5%, அதற்கு மேல் 20% என்று பிடித்தார்கள். அந்தக் கணக்கில் உங்களிடம் 85,000 பிடித்திருப்பார்கள். 2026 ஏப்ரல் முதல் தொகை எவ்வளவானாலும் 2%தான், 23,500 ரூபாய். இது உங்கள் பான் எண்ணில் வரவாகி வருமான வரித் தளத்தில் தெரியும். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அலுவலகத்தில் முன்கூட்டியே தெரிவித்தால் சம்பளத்தில் பிடிக்கும் டி.டி.எஸ்-ஸிலேயே குறைத்துக்கொள்வார்கள். ஏஜென்ட் ரசீதில் யாருடைய பான் ஏறுகிறது என்று மட்டும் பாருங்கள். அம்மாவின் பானில் ஏறிவிட்டால் அவர் கணக்குத் தாக்கல் செய்துதான் திரும்பப் பெற வேண்டும்.

பர்சனல் லோன் வேண்டாம். 5 லட்சத்துக்கு 14% வட்டியில் 36 மாதத் தவணை ஏறக்குறைய 17,090 ரூபாய் வரும். மொத்த வட்டி 1,15,000. உங்கள் மாத மிச்சத்தில் பாதிக்கு மேல் மூன்று வருடம் இதற்கே போய்விடும்.

இந்தப் பயணத்தின் இடத்தையும் மாதத்தையும் உங்கள் அம்மாவை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கென்யாவிலிருந்து திரும்பும்போது இந்திய விமான நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி பயணத்துக்குப் பத்து நாள் முன்னதாகவாவது போட்டிருக்க வேண்டும். 60 வயது கடந்தவர்கள் முதல்முறையாக இதைப் போட்டுக்கொள்ளும்போது கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு, அரிதென்றாலும், மற்றவர்களைவிட அதிகம். அதனால் பல மருத்துவர்கள் தயங்குவார்கள். முன்பணம் கட்டிய பிறகு இது தெரியவந்தால் பணமும் போகும், பயணமும் போகும்.

தென்னாப்பிரிக்காவுக்கு இந்த ஊசித் தொல்லை கிடையாது. துபாய், தோஹா வழியாக ஜோகன்னஸ்பர்க் போனால் சான்றிதழ் பேச்சே எழாது. எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா வழியாகச் சில ஆயிரம் குறைவாக டிக்கெட் கிடைக்கலாம். அங்கே காத்திருப்பு நீண்டால் அதே ஊசி விவகாரம் திரும்ப வந்து நிற்கும். ஆகவே அம்மாவுக்கு ஊசி போடாத பட்சத்தில் அந்த டிக்கெட்டைத் தொடாதீர்கள்.

மே மாதமும் அங்கே சாதகம். க்ரூகர் தேசியப் பூங்கா பகுதியில் கோடை மழை முடிந்து வறண்ட குளிர்காலம் தொடங்கும் நேரம் அது. புதர் மெலியும், விலங்குகள் நீர்நிலைகளுக்கு வரும். யானை, சிங்கம், சிறுத்தை, காண்டாமிருகம், காட்டெருமை ஐந்தும் அங்கே உண்டு. மலேரியாக் கொசுவும் குறையத் தொடங்கும், ஆனால் அறவே இல்லாமல் போகாது. மாத்திரை பற்றி மருத்துவரைக் கேளுங்கள். அட்டோவாகுவோன்-ப்ரோகுவானில் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, திரும்பிய பிறகும் ஏழு நாள் சாப்பிட வேண்டும். டாக்ஸிசைக்ளின் திரும்பிய பிறகு நான்கு வாரம். அம்மாவின் மற்ற மருந்துகளோடு இவை ஒத்துப்போகாது என்று மருத்துவர் சொன்னால் க்ரூகரை விட்டுவிட்டு பிலனெஸ்பெர்க் போங்கள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம், மலேரியா இல்லாத பகுதி. க்ரூகரின் விரிவு கிடைக்காது. ஐந்து பெரிய விலங்குகளும் அங்கேயும் இருக்கின்றன.

க்ரூகரின் பெரிய வசதி, சொந்தமாகக் காரோட்டிப் பார்க்கலாம். நம் ஊரைப் போலவே சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுவார்கள். தார்ச்சாலையில் 50 கிலோமீட்டர், மண்சாலையில் 40 கிலோமீட்டர் வேக வரம்பு. அம்மாவுக்கு முதுகு வலித்தால் முகாமுக்குத் திரும்பிவிடலாம், சின்னவனுக்குப் பசித்தால் நிறுத்தலாம். மற்றவர்களோடு பகிர்ந்துகொண்ட வேனில் இது முடியாது. முகாமுக்கு வெளியே, அனுமதித்த இடங்கள் தவிர, வண்டியைவிட்டு இறங்கவே கூடாது. மே மாதம் வாசல் மாலை 5.30-க்கு மூடிவிடும். தாமதமானால் அபராதம். இதில் சிக்குபவர்கள் பெரும்பாலும் கூகுள் காட்டும் நேரத்தை நம்புகிறவர்கள். யானைக்கூட்டம் சாலையை மறித்து அரை மணி நேரம் நிற்பது அதற்குத் தெரியாது.

செலவை இப்படிப் பிரிக்கலாம். க்ரூகரின் தென்பகுதியில் நான்கு இரவு (பெர்க்-என்-டால் முகாமில் இரண்டு, லோயர் சாபியில் இரண்டு), பிளைட் ரிவர் கேன்யன் என்ற பள்ளத்தாக்கு அருகே கிராஸ்காப் ஊரில் இரண்டு, ஜோகன்னஸ்பர்க்கில் ஒன்று என்று ஏழு இரவு வைத்துப் போட்ட மதிப்பீடு இது. தென்னாப்பிரிக்க நாணயமான ராண்டை 5.50 ரூபாய் என்று எடுத்திருக்கிறேன். விமானம் 3,40,000. தங்குமிடம் 1,40,000. ஏழு சீட் வாடகை கார், பெட்ரோல், டோல் 85,000. பூங்காக் கட்டணம் பெரியவருக்கு நாளொன்றுக்கு 600 ராண்டை ஒட்டி வரும், 12 வயதுக்குக் கீழே பாதி. மூத்த பிள்ளைக்குப் பெரியவர் கட்டணம்தான். பூங்காவின் திறந்த ஜீப்பில் ஒரு விடியற்காலைச் சுற்றையும் சேர்த்து இதற்கு 80,000. அந்த ஜீப்பில் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஏற்ற மாட்டார்கள், உங்கள் சின்னவன் தப்பித்தான். சாப்பாடு 60,000. முகாம் குடில்கள் பலவற்றில் சமையல் வசதி உண்டு, அரிசி பருப்பு வாங்கிக்கொண்டு போனால் இதுவும் குறையும். விசா சேவைக் கட்டணம், காப்பீடு, மாத்திரை 50,000. எதிர்பாராத செலவுக்குக் கையிருப்பு 60,000. கூட்டினால் 8,15,000.

பணத்துக்கு இப்போதே மாதம் 30,000 ரூபாய்க்கு 15 மாத ஆர்.டி தொடங்குங்கள். 6.5% வட்டியில் முடிவில் 4.7 லட்சம் வரும். போனஸ் ஒரு லட்சம். மீதி 2.45 லட்சத்தை எஃப்.டி-யிலிருந்து எடுக்கலாம். எஃப்.டி-யில் 4.05 லட்சம் அப்படியே நிற்கும். மாதம் 78,000 என்ற உங்கள் கட்டாயச் செலவுக்கு அது ஐந்து மாதம் தாங்கும். அதற்குக் கீழே போகாதீர்கள். போனஸ் வராமல் போனால் கிராஸ்காப் இரண்டு இரவை வெட்டுங்கள், திறந்த ஜீப்பை விடுங்கள். அப்போதும் போதாவிட்டால் அடுத்த மே மாதத்துக்குத் தள்ளுங்கள்.

ஆர்.டி முதிர்வதற்கு முன்பே செலவு தொடங்கிவிடும். க்ரூகர் முகாம்களின் குடும்பக் குடில்கள் முதலில் தீரும், முன்பதிவு ஏறக்குறைய 11 மாதம் முன்பே திறக்கிறது. விமானத்துக்கு ஐந்து, ஆறு மாதம் முன்பு பணம் வேண்டும். இவை இரண்டுக்கும் எஃப்.டி-யையும் போனஸையும் பயன்படுத்தி, ஆர்.டி முதிர்ந்ததும் எஃப்.டி-யை நிரப்புங்கள். அதற்காகவே 6.5 லட்சத்தை ஒரே ரசீதாக வைக்காமல் மூன்றாகப் பிரித்துவிடுவது நல்லது. உடைக்கும் ரசீதுக்கு மட்டும் வட்டி குறையும். வெளிநாட்டு வலைத்தளத்தில் சாதாரண கிரெடிட் கார்டு தேய்த்தால் 3.5% வரை மார்க்-அப் (நாணய மாற்றுக்கான கூடுதல் கட்டணம்), அதன் மேல் 18% ஜி.எஸ்.டி என்று 4.13% போகும். இரண்டரை லட்சத்துக்கு 10,300 ரூபாய். மார்க்-அப் இல்லாத கார்டுகள் இருக்கின்றன, ஒன்று வாங்கி வையுங்கள்.

விசாவுக்குப் பாஸ்போர்ட்டில் இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குத் தாய் தந்தை பெயர் இரண்டும் உள்ள பிறப்புச் சான்றிதழ் தேவை. அதில் உள்ள எழுத்துகள் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகின்றனவா என்று இப்போதே பாருங்கள். இனிஷியல் குளறுபடியைத் திருத்த மாதக்கணக்கில் ஆகலாம். அம்மாவின் காப்பீட்டில் சர்க்கரை, ரத்த அழுத்தம் எது இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். காட்டிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் செலவு பாலிசியில் அடங்குகிறதா என்று கேளுங்கள். பிரீமியம் சில ஆயிரம் கூடும். மறைத்தால் கிளெய்ம் நிற்காது.

மைத்துனர் விஷயம். ஏழு சீட் காரில் ஏழு பேர் ஏறினால் பெட்டி வைக்க இடமில்லை, கடைசி வரிசையில் ஜன்னலும் ஒழுங்காக இராது. இரண்டாவது கார் எடுத்தால் அவர்களுக்குச் சேமிப்பு என்று எதுவும் மிஞ்சாது. இளம் ஜோடிக்கு, இருவரும் ஊசி போட்டுக்கொள்ளத் தயாரென்றால், தான்சானியா நன்றாகப் பொருந்தும். செரெங்கெட்டி, ங்கோரோங்கோரோ காப்பகங்களை முடித்து சான்சிபார் தீவின் கடற்கரையில் மூன்று நாள். அவர்களுக்குப் பிள்ளைகளின் பள்ளி லீவு கணக்கில்லை என்பதால் ஜனவரி கடைசி முதல் பிப்ரவரி வரை போகலாம். தென் செரெங்கெட்டியை ஒட்டிய ந்டுட்டு சமவெளியில் வில்டபீஸ்ட் கன்று ஈனும் காலம் அது. சிங்கமும் சிவிங்கிப்புலியும் பின்னாலேயே வரும்.

ஆனால் இருவர் மட்டும் தனி வண்டி எடுத்தால் செலவு ஏறும். ங்கோரோங்கோரோ பள்ளத்தில் இறங்க வண்டிக்கு 250 டாலர், 18% வாட் சேர்த்து 295. இருவருக்குத் தலைக்கு 147.50 டாலர், ஆறு பேருக்கு 49 டாலர். வண்டி வாடகை, டிரைவர், டீசல் எல்லாம் இப்படித்தான் தலைக்குப் பங்காகும். தான்சானியாவின் அருஷா நகரிலிருந்து கிளம்பும் கூட்டு சஃபாரியில் சேர்ந்தால் இந்தப் பங்கு குறையும். கேமராவோடு ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் காத்திருக்கும் ஆசை இருந்தால் மட்டும் தனி வண்டிக்குக் கொடுக்கலாம். விசா தலைக்கு 50 டாலர், சான்சிபாரின் கட்டாயக் காப்பீடு 44 டாலர் என்பவற்றைப் பேக்கேஜ் விலையில் பெரும்பாலும் காட்ட மாட்டார்கள். வழிகாட்டிக்கு டிப்ஸ் தலைக்கு நாளுக்குப் பத்து டாலர் வழக்கம்; 2009-க்கு முன் அச்சான டாலர் நோட்டை அங்கே பல இடங்களில் வாங்க மாட்டார்கள், மாற்றும்போதே பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.