ஆட்டுப்பட்டிக் காவலுக்கு ராஜபாளையம் குட்டி வாங்கலாமா?

கேள்வி: சங்கரன்கோவில் பக்கம் இரண்டு ஏக்கர் தோட்டத்திலேயே குடியிருக்கிறோம். 30 வெள்ளாடுகள் உண்டு. போன மாதம் ராத்திரியில் இரண்டு கிடாக்கள் களவு போய்விட்டன. நான் மில்லில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவன். வீட்டில் மனைவி, 70 வயது அம்மா, 4 வயது மகள். தெரிந்தவர் ஒருவர் 40 நாள் ஆன ராஜபாளையம் நாய்க்குட்டி தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: பகலெல்லாம் ஆட்டோடு இருப்பது உங்கள் மனைவி. அவருக்கு நாய் வேண்டுமா என்று கேட்டீர்களா? உங்கள் கேள்வியில் அது இல்லை. ராஜபாளையம் பெரும்பாலும் ஒரே ஆளிடம்தான் ஒட்டும். யார் சோறு வைத்து, கூட நடந்து, அதட்டி வளர்க்கிறாரோ அவர் சொன்னால்தான் கேட்கும். அந்த ஆளாக இருக்க அவர் மனதார ஒத்துக்கொண்டால் மேலே படியுங்கள். 'நான் ஷிப்ட் முடிந்து வந்து அவிழ்த்துவிடுவேன்' என்பதுதான் திட்டம் என்றால் இந்த இனம் வேண்டாம்.

காரணம் இருக்கிறது. பன்றி வேட்டைக்கென்று வளர்த்த நாய் இது. தோள் உயரமே 65 முதல் 75 செ.மீ. வரும். ஓடாமல் இருக்க அதற்குத் தெரியாது. ஒரு தோட்டத்தில் வேப்பமரத்தடியில் இரண்டு வருஷம் கட்டியே கிடந்த ஒன்றைப் பார்த்தேன். மரத்தைச் சுற்றிப் புல் முளைக்காத வட்டத் தடம் விழுந்திருந்தது. ஒருநாள் சங்கிலி வளையம் விட்டுப்போனது. கடிபட்டது திருடன் அல்ல, தேங்காய் பறிக்க வந்தவர்.

குட்டியைப் பார்க்கப் போனால் காதைச் சோதியுங்கள். பால்வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் இந்த இனத்தின் அழகு. 2005-இல் தபால்தலையிலேயே போட்டார்கள். ஆனால் உள்காதில் நிறமிச் செல்கள் இல்லாமல் போனால் பிறவியிலேயே காது கேட்காது, வெள்ளைக் குட்டிகளுக்கு இந்த ஆபத்து அதிகம். கூட்டத்தில் வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், மற்றவை திரும்பும்போது இதுவும் திரும்பும். தனியாக எடுத்துப்போய், அது வேறு பக்கம் பார்க்கும்போது பின்னாலிருந்து சாவியைக் குலுக்குங்கள். தட்டை ஓங்கித் தரையில் தட்டினால் அதிர்வு காலில் தெரிந்துவிடும், அது சோதனை ஆகாது. ஒரு காது மட்டும் செவிடு என்றால் இதில் பிடிபடாது. 40 நாளில் தூக்கி வராதீர்கள். எட்டு வாரமாவது தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் கிடந்தால்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று படிக்கும்.

வந்த நாளிலிருந்தே ஆட்டுக்குட்டிகளுக்குப் பக்கத்தில் படுக்க வையுங்கள். விளையாட்டுக்குக்கூட ஆட்டை விரட்ட விடாதீர்கள். வேட்டை ரத்தம், ஓடுகிற ஆட்டைக் கண்டால் கால் தானாகக் கிளம்பும்.

ஆடு வைத்திருப்பவர்கள் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. வீட்டில் ஆடு அறுத்தால் தலையையும் ஈரலின் வீணான பகுதியையும் நாய்க்கு எறிவார்கள். ஆட்டு மூளையில் நீர்க்கட்டி இருந்தால் அது நாயின் குடலில் நாடாப்புழுவாகிறது. அதன் முட்டை நாயின் மலத்தோடு மேய்ச்சலில் விழுந்து, மேயும் ஆட்டுக்குள் போய், மறுபடி மூளையில் கட்டியாகும். ஆடு தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றினால் இது காரணமாக இருக்கலாம். ஈரல், நுரையீரல் கட்டியிலிருந்து நாய்க்கு வரும் இன்னொரு புழுவின் முட்டை உங்கள் மகளின் கைவழி வயிற்றுக்குள் போனால் அவளுக்கும் ஈரலில் நீர்க்கட்டி வரலாம். அதனால் பச்சைக் கழிவு கூடவே கூடாது, வேகவைத்துப் போடுங்கள் அல்லது புதையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாடாப்புழுவுக்குப் பிரசிகுவாண்டல் கலந்த மாத்திரை, எடை பார்த்து. வெறிநாய்த் தடுப்பூசி மூன்றாம் மாதம், அடுத்த மாதம் ஒன்று, பிறகு வருஷாவருஷம்.

மகளை நாயோடு தனியே விடவேண்டாம், அது எவ்வளவு சாதுவாக இருந்தாலும். அம்மா கம்பு ஊன்றி நடப்பவர் என்றால் 25 கிலோ நாய் பாசத்தில் தாவினாலே விழுந்துவிடுவார்.

என் அபிப்பிராயம் கேட்டால், ராத்திரியில் கிடா களவுக்கு நாய் ஆளைப் பிடிக்கவேண்டியதில்லை, ஊரை எழுப்பினால் போதும். உங்கள் ஊரிலேயே பட்டியில் பிறந்த நாட்டு நாய்க்குட்டி ஒன்றை ஆட்டோடு வளர்த்து, பட்டிக்கு ஒரு விளக்கும் நல்ல பூட்டும் போடுங்கள். உங்கள் மனைவிக்கு ராஜபாளையம்தான் வேண்டும் என்றால் அவரையும் கூட்டிப்போய், எட்டு வாரம் ஆனபின், அவரே குட்டியைத் தேர்ந்தெடுக்கட்டும்.