வழித்துணை: ஒரு கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய ஐயா,

நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். வங்கி ஒன்றில் வேலை. கடந்த ஆண்டு அப்பா காலமானதிலிருந்து, ஸ்பெயினில் உள்ள சான்டியாகோ யாத்திரைப் பாதையை முழுவதுமாக நடக்க வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை. நீங்கள் அங்கே நடந்தவர் என்பதை உங்கள் பழைய கட்டுரை ஒன்றில் வாசித்தேன். நான் தனியாக, மௌனமாக நடக்க விரும்புகிறேன். ஆனால் போய்வந்தவர்களின் காணொளிகளில் எங்கும் கூட்டமும் சிரிப்பும் கதையுமாக இருக்கிறது. சிலர் பொதியை வாகனத்தில் அனுப்பிவிட்டுக் கைவீசி நடக்கிறார்கள்; சிலர் கடைசி 100 கிலோமீட்டரை மட்டும் நடந்து சான்றிதழ் வாங்குகிறார்கள். இது யாத்திரையா, உல்லாசப் பயணமா? இவர்களிடமிருந்து விலகி நடப்பது எப்படி? எந்த மாதம் போகலாம், என்ன சப்பாத்து வாங்கலாம், விசா எடுப்பது கடினமா? அப்பா நாள்தோறும் நடந்த கடற்கரையிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சென்று, அங்குள்ள இரும்புச் சிலுவையடியில் வைக்க நினைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி,
கொழும்பு 6

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான், மேசை இழுப்பறையை ஒழுங்குபடுத்தும்போது என்னுடைய யாத்திரிகர் அட்டை கைக்கு வந்தது. மடிப்புகளில் கிழியத் தொடங்கிவிட்ட அந்த அட்டையில், ஒவ்வோர் இரவும் தங்கிய விடுதியில் குத்தித் தந்த முத்திரைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று தலைகீழாக விழுந்திருக்கிறது. அதைக் குத்திய பெண் மற்றக் கையில் அழும் குழந்தையை வைத்திருந்தாள். அந்த முத்திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தவனிடம், கூட நடப்பவர்களிடமிருந்து விலகுவது எப்படி என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

சிறியவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். விசாவைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். சப்பாத்து அரை அளவு பெரியதாக இருக்கட்டும். அதைப் போட்டுக்கொண்டு காலிமுகத்திடலில் இரண்டு மாதம் நடந்து பழகிய பிறகு விமானம் ஏறுங்கள். பொதி உங்கள் உடல் எடையில் பத்திலொரு பங்கைத் தாண்ட வேண்டாம். மௌனத்துக்கும் பஞ்சமில்லை, பூர்கோசுக்கும் லெயோனுக்கும் இடையிலுள்ள மெசெத்தாச் சமவெளியில் அது தேவைக்கு மேலேயே கிடைக்கும்.

இன்னொன்றும் உண்டு. சான்டியாகோ என்று யாரோ அந்நியரைப் போல எழுதியிருக்கிறீர்கள். அவர் இயேசுவின் சீடரான யாக்கோபு, நம்முடைய சந்தியோகுமையோர்; சந்தியாகு என்றும் சொல்வோம். போர்த்துக்கேயர் கொண்டுவந்த பெயர் நம் கரையோர மக்களின் நாவில் அப்படி உருண்டு தமிழானது. குருநகரிலும் கிளாலியிலும் அவருக்குக் கோவில்கள் உண்டு. 17ஆம் நூற்றாண்டிலேயே அவர்மீது தமிழில் அம்மானை பாடியிருக்கிறார்கள். சந்தியாபிள்ளை என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சு எல்லையிலுள்ள சென்-ஜானில் தொடங்கிச் சுமார் 780 கிலோமீட்டர் நடந்து நீங்கள் போய்ச் சேரப்போவது சொந்தக்காரர் வீட்டுக்குத்தான்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். பொதியை வாகனத்தில் அனுப்பியவருடைய முதுகெலும்பின் எக்ஸ்ரே படத்தை நீங்கள் பார்த்தீர்களா? கடைசி 100 கிலோமீட்டரை மட்டும் நடந்தவருக்கு எத்தனை நாள் லீவு கிடைத்தது என்று உங்களுக்குத் தெரியுமா? அந்த 100 கிலோமீட்டர் விதி சான்றிதழ் கொடுக்கும் பேராலயத்தின் விதி. குறை சொல்வதானால் அங்கே போய்ச் சொல்லுங்கள். ஐந்து வாரம் ஒதுக்கி நடக்க முடிவது ஒரு கொடுப்பினை. அதை மற்றவர்களை அளக்கும் கோலாக்கிக்கொண்டு நடந்தால், பொதியில் நீங்கள் குறைத்த எடையெல்லாம் வேறு இடத்தில் ஏறிவிடும்.

அந்தப் பாதையில் 11ஆம் நூற்றாண்டில் தொமிங்கோ என்று ஒருவர் இருந்தார். துறவு மடங்கள் அவரைச் சேர்த்துக்கொள்ளாததால், ஓஹா ஆற்றங்கரைக் காட்டில் தனித்திருந்து செபிக்கத் தொடங்கினார். நீங்கள் தேடும் அதே தனிமைதான். ஆனால் சந்தியாகுவின் கல்லறைக்குப் போகிறவர்கள் அந்தக் காட்டு வழியாகத்தான் வந்தார்கள். வழி தவறினார்கள், ஆற்றைக் கடக்க முடியாமல் தவித்தார்கள். மனிதர் செபத்திலிருந்து எழுந்து, காட்டை வெட்டிப் பாதை போட்டு, ஆற்றுக்குப் பாலம் கட்டி, களைத்து வருபவர்களுக்கு விடுதியும் அமைத்தார். 1109இல் அவர் இறந்தார். அந்த ஊருக்கே அவர் பெயர், சாந்தோ தொமிங்கோ தெ லா கல்சாதா. (அந்த ஊர்ப் பேராலயத்துக்குள் இன்றும் ஒரு சேவலையும் கோழியையும் உயிரோடு வளர்க்கிறார்கள், அந்தக் கதையை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.) வழி நெடுகிலும் நீங்கள் பார்க்கப்போகும் மஞ்சள் அம்புக்குறிகளும், ஓ செப்ரெய்ரோ மலைக்கிராமத்தின் பங்குத்தந்தை எலியாஸ் வலிஞ்ஞா 1980களில் சாயமும் தூரிகையுமாக அலைந்து வரையத் தொடங்கியவை. முன்பின் அறியாத ஒருவர் போட்ட அம்பை நம்பி ஐந்து வாரம் நடப்பீர்கள், பக்கத்தில் நடப்பவரிடம் ஒரு வார்த்தை கதைக்க மாட்டீர்களா?

எழுபதுகளில், எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, அம்மம்மாவின் நேர்த்திக்காக ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோவிலுக்குப் போனோம். கொழும்பிலிருந்து இரவு ரயில். மடு வீதி நிலையத்தில் இறங்கிக் காட்டுவழியே நடை. பாதி வழியில் என் செருப்பு வார் அறுந்துவிட்டது. கூட வந்துகொண்டிருந்த வென்னப்புவப் பக்கத்துச் சிங்களக் கிழவி ஒருவர், தன் மூட்டையிலிருந்த பழந்துணியைப் பல்லால் கிழித்துத் திரித்து, செருப்பை என் காலோடு சேர்த்துக் கட்டிவிட்டார். அம்மம்மாவுக்குச் சிங்களம் வராது; கிழவிக்குத் தமிழ் வராது. ஆனால் அம்மம்மா செபமாலையை எடுத்துக்கொண்டு ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே’ என்று தொடங்கி முதற்பாதியை முடித்ததும், கிழவி ‘அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே’ என்று சுத்தமான தமிழில் மறுபாதியைச் சொன்னார். தன் பாட்டியிடம் கற்ற செபமாம்; சொற்களின் பொருள் தெரியாதாம். கோவில் கோபுரம் தெரியும்வரை இருவரும் பாதி பாதியாகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஒருவர் பெயரை மற்றவர் கேட்கவே இல்லை.

மடுவே அப்படித்தானே உண்டானது? 1670இல் ஒல்லாந்தரின் கெடுபிடி தாங்காமல் மாந்தையிலிருந்து 20 கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள் என்பதும், யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்த சுமார் 700 பேர் அவர்களைச் சந்தித்த இடத்தில் அந்தச் சுரூபம் நிலைகொண்டது என்பதும் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. வழியில் வந்தவர்களைப் பார்த்து மாந்தைக்காரர்கள் ஒதுங்கிப் போயிருந்தால் எனக்கு அந்தக் கிழவியும் இல்லை, செருப்பும் இல்லை.

உங்கள் அப்பாவின் கல்லைப் பற்றிய வரியை மூன்று முறை வாசித்தேன். அந்த வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நானும் ஒரு மருந்து டப்பாவில் கொஞ்சம் மடு மண் கொண்டு போயிருந்தேன்; பாம்புக்கடிக்கென்று நம் வீடுகளில் பொட்டலம் கட்டி வைப்போமே, அந்த மண். சிலுவைக்கு முந்தைய இரவு, விடுதியில், ஓய்வுபெற்ற ட்ராம் சாரதியான ஒரு போலந்துக்காரர் என் குதிக்காலிலிருந்த கொப்புளத்தை ஊசியும் நூலும் கோத்துத் தைத்து, நீர் வடியட்டும் என்று நூலை உள்ளேயே விட்டு முனைகளைக் கத்தரித்தார். வைத்தியர்கள் இதை ஏற்கமாட்டார்கள். நீங்கள் செய்ய வேண்டாம். மறுநாள் காலை குருஸ் தெ ஃபெரோவில், நெடிய மரக்கம்பத்தின் உச்சியிலிருந்த அந்தச் சிறிய இரும்புச் சிலுவையின் கீழே, கற்குவியலின் மேல் இருவரும் நின்றோம். குளிரில் என் விரல்களுக்கு டப்பா மூடி பிடிபடவில்லை. அவர் வாங்கித் திறந்து தந்துவிட்டு, என்ன மண் என்று கேட்காமல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து, தன் மனைவியின் பெயரைச் சொல்லி, அதை என்னையே வைக்கச் சொன்னார். முழங்கால் மடங்காததால் அவரால் குனிய முடியாது. அன்று அவருடைய பொதி வாகனத்தில் போயிருந்தது.

எந்த மாதம் என்று கேட்டிருந்தீர்கள். கூட்டம் குறைவாக வேண்டுமானால் ஏப்ரல் நடுப்பகுதியில் போகலாம். யூலை 25, சந்தியாகுவின் திருநாள், ஞாயிற்றுக்கிழமையில் வரும் ஆண்டு அங்கே புனித ஆண்டு, அடுத்தது 2027. அந்த யூலையில் வெயில் கொளுத்தும், பாதை மடுத் திருவிழாவைப் போல நிரம்பி வழியும், ஒரு படுக்கைக்காக நான்கு விடுதி ஏறி இறங்க நேரிடும். என்னைக் கேட்டால் அப்போது போங்கள். கல் மட்டும் சிறியதாக இருக்கட்டும். அதை 500 கிலோமீட்டருக்கு மேல் சுமக்க வேண்டியிருக்கும்.