எட்டு முறை எம்.பி. இருக்கும்போது ஏழு முறை எம்.பி. எப்படித் தற்காலிக சபாநாயகர்?

விதிமீறல் எதுவும் இல்லை. அதிக முறை வென்ற மூத்தவரைத்தான் நியமிக்க வேண்டும் என்று அரசியலமைப்பில் எங்கும் கிடையாது. அது வெறும் மரபு.

2024-இல் மக்களவைத் தற்காலிக சபாநாயகராக (முறையான சபாநாயகர் தேர்வாகும்வரை அவையை நடத்துபவர்) காங்கிரஸின் கொடிக்குன்னில் சுரேஷை விட்டுவிட்டு பா.ஜ.க.வின் பர்த்ருஹரி மஹ்தாபை நியமித்ததைத்தானே கேட்கிறீர்கள்? சிக்கல் எண்ணும் முறையில். சுரேஷ் எட்டு முறை வென்றவர்தான், ஆனால் 1998-லும் 2004-லும் தோற்றார். மஹ்தாப் 1998 முதல் ஏழு முறையும் தொடர்ச்சியாக வென்றவர். அரசு அந்தத் தொடர்ச்சியைப் பிடித்துக்கொண்டது. வசதியான கணக்கு என்பது என் எண்ணம்.

சந்தேகமிருந்தால் அரசியலமைப்பின் பிரிவு 95(1)-ஐப் புரட்டிப் பாருங்கள். சபாநாயகர், துணை சபாநாயகர் இரு பதவியும் காலியாக இருந்தால், குடியரசுத் தலைவர் நியமிக்கும் உறுப்பினர் அவையை நடத்துவார். 'மூத்த' என்ற சொல்லே அதில் இல்லை.

மாநிலச் சட்டமன்றத்துக்கு இதே பிரிவைக் காட்டிவிடாதீர்கள். அங்கே 180(1), நியமிப்பவர் ஆளுநர்.