உலக நாட்டு உடைப் பார்பியின் காலில் சிவப்புக் கறை: எப்படிப் போக்குவது?

திருகோணமலையில் கடற்கரைக்குக் கிட்டத்தான் வீடு, சிவப்புப் பாவாடை போட்ட பொம்மையின் காலில் கறை ஏறிவிட்டது என்கிறீர்கள். அது பூஞ்சணமில்லை, உடுப்புச் சாயம். பொம்மையின் வினைல் பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப்பசை அதை உள்ளே இழுத்துவிடும். புழுக்கத்தில் இன்னும் வேகமாக. சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பது வீண்வேலை.

பார்மசியில் முகப்பருவுக்கு விற்கும் 10% பென்சோயில் பெரொக்சைட் கிரீமைக் கறையில் மட்டும் பூசி, பொலித்தீனால் மூடி, யன்னலோர வெயிலில் வையுங்கள். தினமும் துடைத்துப் பாருங்கள். நாள் கூடினால் கால் வெளிறிப்போகும். தலைமயிர், முகப்பூச்சு, உடுப்பு எதிலும் பட்டுவிடக்கூடாது.

திரும்ப உடுத்தும்போது உள்ளே வெள்ளைப் பருத்தித் துணி வையுங்கள். 1980இல் தொடங்கிய இந்த உலக நாட்டு உடைப் பார்பி வரிசையைப் பெட்டியோடு வைத்தால்தான் மதிப்பு என்பார்கள். ஆனால் சாயம் பெட்டிக்குள்ளும் ஏறும்.